மலையேறுமா பியானோ?

ஜவ்வாது மலைக்கு எத்தனையோ கனமான பொருட்கள் ஏறியிருக்கின்றன. காவலூரில் இருக்கும் தொலைநோக்கி அவற்றில் ஒன்று. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி பொருத்தியது. 1986-ல் செயல்பாட்டுக்கு வந்த அதற்கும், அது இருக்கும் ஆய்வகத்துக்கும் விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கருவியே ஏறிய மலைக்கு ஒரு பியானோ ஏறாதா?

தாராளமாக ஏறும். சாலை இருக்கிறது, லாரி இருக்கிறது, இறக்கி வைக்க நாலு ஆள் கிடைப்பார்கள். ஆனால், காவலூர் தொலைநோக்கியைப் பார்த்துக்கொள்ள அங்கேயே பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் இருக்கிறார்கள். ஜமுனாமரத்தூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் இறங்கும் பியானோவை யார் பார்த்துக்கொள்வார்கள்?

மலையில் இருந்தாலும் சரி, மயிலாப்பூரில் இருந்தாலும் சரி, பியானோ வாங்க நினைக்கும் குடும்பம் விலையைக் கேட்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஒரு குடும்பத்தை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். குடும்பம் கற்பனைதான். அவர்கள் முன் நிற்கும் கணக்கு நிஜம்.

ஜமுனாமரத்தூரில் ஓர் ஆசிரியர். மனைவி செவிலியர். பத்து வயதில் ஒரு மகள். சனிக்கிழமைதோறும் மலைப் பேருந்தில் இறங்கி, திருப்பத்தூரில் ஒரு மாஸ்டரிடம் இசை கற்கிறாள். வீட்டில் இருப்பது 61 கட்டை உள்ள சாதாரண கீபோர்டு. இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒருநாள் மாஸ்டர் சொல்கிறார்: "சார், இனிமே பாப்பாவுக்கு பியானோ வேணும். இந்தக் கீபோர்டுல இதுக்கு மேல விரல் பழகாது."

சீட்டு எடுத்த பணம் இரண்டு லட்சம் வீட்டில் இருக்கிறது. மழைக்கு ஒழுகும் பின்கட்டை மாற்றிக் கட்ட வைத்திருந்த பணம். "அந்தக் காசுல ரெண்டு கறவை மாடு வாங்கலாமே" என்கிறார் ஆயா. அப்பா, அம்மா இருவரும் பியானோவைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. எதை வாங்குவது, எங்கே வாங்குவது, எப்படிச் சோதிப்பது?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பியானோவின் வயது ஏறக்குறைய 300 வருடம். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்ற கைவினைஞர் 1700-ஐ ஒட்டி இதை உருவாக்கினார். அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை எப்படி அழுத்தினாலும் சத்தம் ஒரே அளவில்தான் வரும். கம்பியை மீட்டுவதற்குப் பதிலாக, சின்னச் சுத்தியலால் தட்டும் வழியை கிறிஸ்தோஃபோரி கண்டுபிடித்தார். மெதுவாகத் தொட்டால் மெல்லிய ஒலி, ஓங்கி அழுத்தினால் உரத்த ஒலி. இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மெல்ல, 'ஃபோர்ட்டே' என்றால் பலமாக. 'பியானோஃபோர்ட்டே' என்ற பெயர்தான் தேய்ந்து பியானோ ஆனது. அவர் 1720-ல் செய்த ஒரு பியானோ இன்றும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்றைய பியானோவில் 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. உள்ளே சுமார் 230 கம்பிகள். அத்தனையும் சேர்ந்து இழுக்கும் விசை 18 முதல் 20 டன். சரக்கேற்றிய லாரியின் எடைக்குச் சமமான இழுப்பு அது. அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். சுவரை ஒட்டி நிற்கும் அப்ரைட் வகையே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். மேடையில் இறக்கையைத் திறந்து வைத்து வாசிக்கும் பெரிய கிராண்ட் பியானோ, 500 கிலோவை நெருங்கும்.

இரும்பு ஒரு பக்கம் இருக்க, ஒலியைப் பெருக்கித் தருவது மரம்தான். ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரத்தில் செய்த மெல்லிய ஒலிப்பலகை. சுத்தியலின் தலையில் கம்பளி. கட்டைகள் மரம். மரமும் கம்பளியும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், பிறகு உலரும். பியானோ வாங்குவதன் சிக்கல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

மவுண்ட் ரோட்டில் தொடங்கிய கதை

தமிழ்நாட்டுக்குப் பியானோ புதிதில்லை. சென்னையில் மிஸ்குவித் என்பவர் பெயரில் 1842-ல் தொடங்கிய நிறுவனம்தான் இன்று அண்ணா சாலையில் இருக்கும் 'மியூசி மியூசிக்கல்'. மும்பையின் 'ஃபுர்டாடோஸ்' 1865-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளின் வீடு, தேவாலயம், கிளப் என்று போன பியானோ, பிறகு சினிமாவுக்குள் வந்தது. பழைய தமிழ்ப் படத்தில் பணக்காரர் வீடு என்றால் வளைந்த மாடிப்படி இருக்கும். அதன் கீழே ஒரு பியானோ இருக்கும்.

படத்துக்கு வெளியே நிலைமை வேறு. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, மேற்கத்திய இசையைக் கற்றது தன்ராஜ் மாஸ்டரிடம். அதே மாஸ்டரிடம் பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மானும் கற்றார். ரஹ்மானுக்கு ஒன்பது வயதானபோது அப்பா ஆர்.கே.சேகர் காலமானார். அவர் விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. ஒரு கருவி, வாசிக்க மட்டுமல்ல, ஒரு வீட்டுக்குச் சோறு போடவும் உதவியிருக்கிறது.

2019-ல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், 13 வயதில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியான 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்'டில் 10 லட்சம் டாலர் பரிசை வென்றார். அவர் விரல்கள் பறந்த வேகத்தை மொபைலில் பார்க்காத வீடு குறைவு. ஜமுனாமரத்தூர்ச் சிறுமியும் அதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பரிசுக் கதைகளைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகும் பெற்றோர், ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இவர்கள் அனைவருக்கும் கிடைத்தது விலை உயர்ந்த பெட்டி அல்ல. நல்ல ஆசிரியரும் தினசரிப் பயிற்சியும்தான். பெட்டி அந்தப் பயிற்சிக்குத் தடையாக இல்லாமல் இருந்தால் போதும்.

மலைக்காற்று செய்யும் வேலை

பியானோவுக்குப் பிடித்த ஈரப்பதம் 40 முதல் 55 சதவிகிதம் வரை. அது ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருப்பது அதைவிட முக்கியம். தமிழ்நாட்டில் எந்த ஊரும் இந்தக் கணக்குக்குள் வருடம் முழுக்க அடங்காது. சென்னையில் கடற்காற்று கம்பியைத் துருவேற்றும். ஜவ்வாது மலையில் மழைக்காலத்தில் துவைத்த துணி காயாது, மார்கழிக் காலையில் வாசலில் பனி நிற்கும், சித்திரையில் காற்று வறண்டுவிடும்.

ஈரம் ஏறும்போது ஒலிப்பலகை உப்பும். கம்பிகள் மேலும் இழுபட்டு சுருதி ஏறும். வறண்டால் பலகை சுருங்கி, சுருதி இறங்கும். மழைக்காலத்தில் சில கட்டைகள் அழுத்தினால் எழாமல் அப்படியே நிற்கும். ஊறிய மரக்கதவு நிலையில் சிக்கிக்கொள்வதைப் போலத்தான் இதுவும். பச்சை மரத்துக்கும் உலர்ந்த மரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மலையில் வாழ்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தத் தொல்லை புதிதல்ல. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியானோக்களில் பசையை மட்டும் நம்பாமல், பித்தளைத் திருகாணிகளைக் கூடுதலாகப் பொருத்தி அனுப்பினார்கள் அந்தக் காலத்து ஆங்கிலேயத் தயாரிப்பாளர்கள். இப்போது பியானோவுக்குள் பொருத்தும் சின்ன ஹீட்டர் கம்பியும் ஈரம் கட்டுப்படுத்தும் கருவியும் கிடைக்கின்றன. ஆனால், அவை வேலை செய்ய மின்சாரம் வேண்டும். மழை வலுத்து மின்சாரம் போகும் நாட்களில்தான் அவற்றின் தேவையும் அதிகம்.

சுருதி விலகினால் சரிசெய்ய ட்யூனர் வர வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறையாவது சுருதி சேர்க்கச் சொல்கிறார்கள். புது பியானோவில் கம்பிகள் இன்னும் இழுபட்டுத் தளரும் என்பதால், முதல் வருடம் இன்னும் அதிகம். ஒவ்வொரு முறையும் 200-க்கும் மேற்பட்ட ஆணிகளைத் தனித்தனியாகத் திருகிச் சரிபார்க்க வேண்டும். ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை. தேர்ந்த ட்யூனர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான். சென்னையிலிருந்து ஜமுனாமரத்தூர் 200 கிலோமீட்டருக்கு மேல். ஒருநாள் முழுக்கப் போய்விடும். கூலியோடு பயணச் செலவு, சாப்பாடு, சில நேரம் தங்குமிடம் எல்லாம் சேரும்.

அதனால், கடைக்காரர் சொல்லும் விலை பியானோவின் முழு விலை அல்ல. அதோடு ஏற்றிறக்கும் கூலி, முதல் வருட ட்யூனிங், அடுத்த பத்து வருட ட்யூனிங் ஆகியவற்றையும் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும். வாங்கும் நாளில் கையில் இருக்கும் பணத்தை முழுவதும் பெட்டியில் போட்டுவிட்டால், இரண்டாவது வருடம் பியானோ மூடியபடியே நிற்கும். மேலே பூச்சாடியும் கல்யாணப் பத்திரிகைகளும் ஏறிவிடும். சுருதி விலகிய பியானோவில் பழகும் குழந்தைக்குக் காதும் கெடும்.

மூன்று வழிகள்

சீட்டுப் பணத்தோடு நிற்கும் அந்தத் தம்பதிக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, புது அக்வூஸ்டிக் பியானோ. ஜப்பானின் யமஹா, கவாய் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் புது அப்ரைட் பல லட்சம் ரூபாய். இறக்குமதிப் பொருள் என்பதால் வரியும் விலைக்குள் வந்துவிடும். ட்யூனர் எளிதாக வரக்கூடிய ஊர், ஈரம் ஏறாத அறை, குழந்தை இசையை விடமாட்டாள் என்ற உறுதி ஆகிய மூன்றும் இருந்தால் இதற்கு இணை வேறில்லை. விரலுக்கு அது தரும் பதிலை எந்த மின்கருவியும் முழுமையாகத் தருவதில்லை.

இரண்டாவது வழி, பழைய பியானோ. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "நூறு வருஷத்து இங்கிலாந்து பியானோ, தேக்கு மாதிரி நிக்கும்" என்பார்கள். பழைய வயலினுக்கு மதிப்பு ஏறும். பழைய பியானோவுக்கு அப்படியில்லை. 20 டன் இழுப்பை நூறு வருடம் தாங்கிய மரம் களைத்துத்தான் இருக்கும்.

மூன்றாவது வழி, டிஜிட்டல் பியானோ. உள்ளே கம்பி இல்லை, சுருதி விலகாது, ட்யூனர் வேண்டாம். நல்ல பியானோவின் ஒலியைப் பதிவு செய்து, அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப ஒலிக்கச் செய்கிறார்கள். கையில் தூக்கக்கூடிய மாதிரிகள் 12 கிலோ போலத்தான் இருக்கும். ஒரு மூட்டை சாமையைவிட லேசு. இயர்போன் மாட்டிக்கொண்டால் ராத்திரி பத்து மணிக்கும் ஆயாவின் தூக்கம் கெடாமல் பழகலாம். சுமார் அரை லட்சம் ரூபாயை ஒட்டி நல்ல மாதிரிகள் தொடங்குகின்றன.

பழையது வாங்கினால் இதைப் பாருங்கள்

மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பிகள் ஒன்றுக்கு மேல் ஒன்று குறுக்காகப் போனால் நல்லது. எல்லாம் நேராக ஒரே திசையில் இறங்கினால் அது மிகப் பழைய வகை. முழு இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

மொபைலில் இலவச ட்யூனர் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள 'ஏ' கட்டையை அழுத்தினால் 440 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். சற்று முன்பின் இருந்தால் பரவாயில்லை. அரைச் சுரம் அளவுக்குக் கீழே கிடந்தால் எச்சரிக்கை. பல வருடம் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். திடீரென்று இழுத்துச் சேர்த்தால் கம்பி அறுந்துவிடும் ஆபத்து உண்டு.

கம்பிகளைப் பிடித்திருக்கும் ஆணிகள் இறங்கியிருக்கும் மரத்துக்கு 'பின் பிளாக்' என்று பெயர். அது வெடித்திருந்தால் இன்று சேர்த்த சுருதி அடுத்த வாரம் நிற்காது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால், பணம் கொடுக்கும் முன் ஒரு ட்யூனரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். பழைய கார் வாங்கும்போது மெக்கானிக்கை அழைத்துப் போவதில்லையா, அது போலத்தான்.

88 கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எழாத கட்டை, இரட்டைச் சத்தம், 'டொக்' என்ற மரச்சத்தம் எல்லாம் காதில் விழும். பின்பக்கத்தில் கரையான் மண், எலி கடித்த கம்பளி, பூச்சி அரித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். யமஹா, கவாய் என்றால் உள்ளே இருக்கும் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வருடம் செய்தது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

மிகப் பழைய பியானோக்களில் வெள்ளைக் கட்டையின் மேல் ஒட்டியிருப்பது யானைத் தந்தமாக இருக்கலாம். நம் நாட்டில் தந்த வியாபாரத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை விதித்திருக்கிறது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஆசைப்படாமல் விலகுவதே நல்லது.

இன்னொன்று. 'பியானோ இலவசம், லாரி வாடகையை மட்டும் அனுப்புங்கள்' என்று வரும் தகவல் உலகம் முழுக்கச் சுற்றும் மோசடி. வீட்டில் யாரோ இறந்துவிட்டார், நல்ல கைக்குப் போகட்டும் என்று உருக்கமாக எழுதியிருப்பார்கள். வாடகையை அனுப்பியதும் ஆள் காணாமல் போய்விடுவார். நேரில் தொட்டு வாசித்துப் பார்க்காத பியானோவுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

டிஜிட்டல் வாங்கினால் இதைக் கேளுங்கள்

கீபோர்டு வேறு, டிஜிட்டல் பியானோ வேறு. தோற்றத்தை வைத்து ஏமாற வேண்டாம். 88 கட்டை இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கட்டைக்குக் கனம் இருக்க வேண்டும். 'ஹாமர் ஆக்‌ஷன்' இருக்கிறதா என்று கேளுங்கள். இடப்பக்கக் கட்டைகள் சற்றுக் கனமாகவும் வலப்பக்கம் லேசாகவும் இருக்கும். நிஜ பியானோவில் அப்படித்தான். கனமில்லாத கட்டையில் பழகிய விரல், பரீட்சை அறையில் நிஜ பியானோ முன்னால் உட்கார்ந்ததும் தடுமாறும். மாஸ்டர் சொன்னதன் பொருள் இதுதான்.

விளக்கை அணைத்தது போல ஒலி சட்டென்று நிற்கிறதா, மெல்லத் தேய்கிறதா என்று கவனியுங்கள். மிக மெதுவாகவும் மிக வேகமாகவும் ஒரே கட்டையை அழுத்திப் பாருங்கள். சத்தம் கூடிக் குறைவதோடு ஒலியின் நிறமும் மாற வேண்டும். காலில் அழுத்தும் பெடல், உறுதியான ஸ்டாண்ட், சரியான உயரத்தில் ஸ்டூல் ஆகிய மூன்றும் விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். பல நேரம் அடங்காது. டைனிங் டேபிள் மேல் வைத்து வாசித்தால் தோள் உயர்ந்து, மணிக்கட்டு மடங்கும். அந்தப் பழக்கம் பிறகு போகாது.

நூற்றுக்கணக்கான இசைக்கருவிகளின் ஒலி, தாளம், வண்ண விளக்கு என்று விற்பனையாளர் காட்டிக்கொண்டே போவார். பியானோ கற்கும் குழந்தைக்கு அவை தேவையில்லை. அதே விலையில் கட்டை நன்றாக இருக்கும் மாதிரி எது என்று கேளுங்கள்.

மலை வீட்டுக்கு இரண்டு கேள்விகள் கூடுதல். மின்சாரம் போனால்? இந்த வகை டிஜிட்டல் பியானோவுக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். ஃபேன், லைட்டுக்கு வைத்திருக்கும் இன்வெர்ட்டரே தாங்கும். இடி மின்னல் வந்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும். பழுதானால்? சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது, வீட்டுக்கு வருவார்களா, நாம் தூக்கிப்போக வேண்டுமா என்று வாங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். ஈரத்தாலோ எலியாலோ வரும் சேதம் பொதுவாக வாரன்ட்டியில் வராது.

மாஸ்டரிடம் ஒரு கேள்வி

கடைக்குப் போகும் முன் குழந்தையின் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "பாப்பா எந்தப் பரீட்சைக்குப் போகிறாள்?" லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு தேர்வுகளில் பியானோ தனி, எலெக்ட்ரானிக் கீபோர்டு தனி. கீபோர்டில் இடது கை பெரும்பாலும் கார்டு பிடிக்க, தாளமும் பின்னணியும் கருவியிலிருந்தே வரும். பியானோவில் இரண்டு கைகளும் தனித்தனி வரிகளைப் படித்து வாசிக்க வேண்டும். கீபோர்டு தேர்வுக்குத் தயாராகும் குழந்தைக்கு பியானோ வாங்குவதும், பியானோ கற்கும் குழந்தையைக் கீபோர்டில் வைத்திருப்பதும் இரண்டுமே வீண் செலவு.

கர்நாடக இசை கற்கும் வீடுகளில் இன்னொரு கேள்வி வரும். "இதில் கமகம் வருமா?" வராது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்கவோ அசைக்கவோ பியானோ கட்டையில் வழியில்லை. ஆனாலும் பியானோ கலைஞர் அனில் சீனிவாசன், பாடகர் சிக்கில் குருசரணோடு சேர்ந்து மேடையேறி, கர்நாடக இசைக்கும் பியானோவுக்கும் ஒரு நல்ல உறவை உண்டாக்கிக் காட்டியிருக்கிறார். குரலோடு சேர்ந்து நடக்க பியானோ நன்றாகவே வரும். குரலுக்குப் பதிலாக நிற்கத்தான் வராது. கமகத்தோடு ராகம் வாசிப்பதுதான் குழந்தையின் ஆசை என்றால், வீணையோ வயலினோ சரியான வழி.

கடையில் ஒருநாள்

மறுபடியும் அந்தக் குடும்பத்திடம் வருவோம். விடுமுறை நாளில் மூவரும் சென்னைக்கு வருகிறார்கள். அம்மா கையில் ஒரு நோட்டு. அதில் எழுதிவைத்த கேள்விகள்.

எத்தனை நாளில் வீட்டுக்கு வரும்? மலை ஏற்றத்துக்குத் தனிக் கூலியா? முதல் ட்யூனிங் இலவசமா? ஸ்டூல், உறை, பெடல் சேர்ந்த விலையா? ரசீதில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்குமா? மூன்று வருடம் கழித்துப் பெரிய பியானோ வாங்க வந்தால் இதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, எந்த விலைக்கு?

அப்பா விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க, மகள் கேட்கிறாள். "அதோ அந்தப் பெரிசுல ஒரு தடவை வாசிக்கலாமாப்பா?" நல்ல கடையில் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கேட்க வெட்கப்படக் கூடாது. குழந்தை உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த பாடத்தை முதலில் கிராண்டிலும், பிறகு அப்ரைட்டிலும், கடைசியாக டிஜிட்டலிலும் வாசிக்கட்டும். பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். இசை தெரியாதவர்களுக்கும் வித்தியாசம் காதில் விழும். கிராண்டில் கடைசிச் சுரம் அறை முழுக்க நின்று கரையும். அதைக் கேட்ட பிறகு டிஜிட்டல் சற்றுச் சப்பென்றுதான் இருக்கும். அது உண்மைதான். மறைக்க வேண்டியதில்லை.

அந்த ஏமாற்றத்தோடுதான் முடிவெடுக்க வேண்டும். அம்மா நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறார். பழைய அப்ரைட் வாங்கினால் இரண்டு லட்சமும் அதிலேயே முடிந்துவிடலாம். ஒழுகும் பின்கட்டு ஒழுகியபடி இருக்கும். அந்த ஈரத்திலேயே பியானோவும் நிற்கும். வருடத்துக்கு இரண்டு முறை ட்யூனருக்குச் சொல்லியனுப்பிக் காத்திருக்க வேண்டும். டிஜிட்டல் வாங்கினால் பாதிக்கு மேல் பணம் மிச்சம். கூரையை மாற்றலாம். மாதம் ஒருமுறை மாஸ்டர் வீட்டிலோ, திருப்பத்தூரில் வேறு எங்கேனும் அனுமதி கிடைத்தாலோ, நிஜ பியானோவில் ஒரு மணி நேரம் வாசிக்க ஏற்பாடு செய்யலாம்.

முதலில் கூரை, கூடவே டிஜிட்டல் என்று முடிவாகிறது. நிஜ பியானோ வேண்டாம் என்று அர்த்தமில்லை. இன்னும் நாலைந்து வருடம் விடாமல் வாசித்தால், ஒழுகாத, ஈரமில்லாத அறை தயாராக இருந்தால், அப்போது பேசலாம்.

வீட்டில் எங்கே வைப்பது?

எந்த வகை வாங்கினாலும் இடம் முக்கியம். வெளிச்சுவர் ஈரம் குடிக்கும். அதனால் உள்சுவரை ஒட்டி வையுங்கள். ஜன்னலுக்கு நேராக வெயிலும் சாரலும் படும் இடம் வேண்டாம். சமையலறைப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு படும் பக்கம் வேண்டாம். அக்வூஸ்டிக் என்றால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். அறையில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை மாட்டுங்கள். சில நூறு ரூபாய்தான். மேலே தண்ணீர்ச் சொம்பு, பூச்சாடி, குத்துவிளக்கு எதுவும் வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் மூடி வையுங்கள். பூனையும் எலியும் கம்பளியைத் தேடி வரும்.

ஆனால், ஆள் புழங்காத அறையில் கொண்டுபோய் ஒளித்து வைக்காதீர்கள். கண்ணில் படும் இடத்தில் இருந்தால்தான் குழந்தை போகிற போக்கில் உட்கார்ந்து வாசிப்பாள். ஒரு நாளைக்கு அரைமணி நேரம் திறக்கும் டிஜிட்டல் பியானோ, வருடத்துக்கு இரண்டு முறை விருந்தாளிக்குத் திறக்கும் கிராண்ட் பியானோவைவிட உயர்ந்தது.

போளூர் வழியாக மலை ஏறும் கடைசிப் பேருந்து. பின் சீட்டில் நீளமான அட்டைப்பெட்டி. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தபடி "என்ன சார் இது, டிவியா?" என்கிறார். "பியானோண்ணே" என்று முந்திக்கொண்டு சொல்கிறாள் சிறுமி. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போதெல்லாம் பெட்டி சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்கிறாள்.

வீட்டில் ஆயா சாப்பிடாமல் காத்திருக்கிறார். பெட்டியைப் பிரித்து, ஸ்டாண்டில் ஏற்றி, பிளக்கைச் சொருகுகிறார்கள். "மாடு வாங்கியிருந்தா இந்நேரம் பால் கறந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தபடியே ஆயா பக்கத்தில் வந்து உட்கார்கிறார்.

"இயர்போன் வேணாம் பாப்பா. நானும் கேக்குறேன், வாசி."